மூடுபவர் வரவில்லை

என் தங்கை போனைக் கட் பண்ணினாளா இல்லையா என்பதுதான் கேள்வி. அந்த போன் பேச்சின் பதிவை ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நான் நாற்காலிக்கும் சோபாவுக்கும் உறை தைக்கிறவன். ஒன்றைக் கேட்பதற்குக் காது இருந்தால் போதும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

தங்கை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிறவள். ஒரு பெரியவர் கூப்பிட்டு, மனைவிக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்லியிருக்கிறார். பதற்றத்தில் அவருக்கு நாக்கு எழவில்லை. தங்கை லைனிலேயே இருந்து, மெல்ல மெல்லப் பேசவைத்து, முகவரியை வாங்கி வண்டிக்குச் சொன்னதாகச் சொல்கிறாள். வண்டி போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா போய்விட்டார். தங்கை பாதியில் போனைக் கட் பண்ணிவிட்டாள், முகவரி வேறு வழியில்தான் கிடைத்தது, அதனால்தான் தாமதம் என்று மேலிடம் சொல்கிறது. அன்றைக்கு வண்டியில் டீசல் இல்லை என்று டிரைவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் டிரைவர்கள் பேசுவதை யாரும் பதிவு செய்வதில்லை.

கட் பண்ணியது உண்மை என்று முடிவானால் அவளுக்கு வேலை போகும், வழக்கும் வரும்.

"அண்ணா, நான் வைக்கவே இல்ல. அவர் வைக்கிற வரைக்கும் லைன்லதான் இருந்தேன். அதைப் போட்டுக் கேட்டா தெரிஞ்சிடும்" என்றாள். இதையே அவள் சாப்பிடும்போதும் சொன்னாள், துணி காயப்போடும்போதும் சொன்னாள்.

விசாரணைக் குழு பதிவைத் தானாகக் கேட்காது. பொது ஒலிக் கேட்பகம் என்ற அரசு அலுவலகம் கேட்டுச் சொன்னால்தான் ஏற்றுக்கொள்ளும். அதனால் நான் கேட்பகத்துக்குப் போனேன்.

வாசலிலேயே பெரிய பலகை: 'எங்களைக் கூப்பிடாதீர்கள். நாங்கள் கூப்பிடுவோம்.' கூடத்தில் போட்டிருந்த நாற்காலிகள் எல்லாம் வயிறு கிழிந்து பஞ்சு வெளியே தொங்கின. தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்தவை நல்ல தையல், இரட்டை ஓரம்.

கேட்பு அதிகாரி என்று ஒருவர் இருந்தார். பதிவுகள் எல்லாம் கீழ்த்தளத்துக் காப்பறையில் இருக்கின்றன என்றார். பதிவைக் குரலாக மாற்றுகிற டிகோடர் மூன்றாவது மாடியில் இருக்கிறது என்றார்.

"சரி சார். அப்ப கீழருந்து எடுத்துட்டு வந்து, மேல போட்டு..."

"யாரு எடுத்துட்டு வர்றது?"

"நீங்கதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவச் சொன்னது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு என்னை இயக்குநரிடம் அழைத்துப் போனார்.

இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டர்ல பேச்சு, பாட்டு எல்லாம் ஓட வைக்கிற ஒரு மென்பொருள் இருக்குங்க. எந்த மெஷின்ல போட்டாலும் ஓடும். எப்படி ஓடுது? அதான் ரகசியம். அது எந்த ஃபைலையும் தானாத் திறக்காது. ஒவ்வொரு மெஷின்லயும் திறக்குற விதம் வேற வேற இல்லையா? அதனால அது என்ன சொல்லுது தெரியுமா? படிச்சுக் கொடுக்க ஒண்ணு, முன்ன பின்ன நகர்த்த ஒண்ணு, எங்க இருக்கோம்னு சொல்ல ஒண்ணு, கடைசியில மூட ஒண்ணு. இந்த நாலு 'ஃபங்ஷனை'யும் நீ ஏற்பாடு பண்ணிட்டு ஒதுங்கி நில்லு, எனக்கு வேணும்கிறப்ப நான் கூப்பிட்டுக்குறேன்னு சொல்லுது. எனக்கு முன்னாடி இருந்த இயக்குநர் அந்தக் கையேட்டைப் படிச்சுட்டு அழுதுட்டாராம். இத்தனை வருஷமா நாமளே எல்லாத்தையும் செஞ்சு கெட்ட பேர் வாங்கிட்டிருந்தோமேன்னு. அன்னைக்கே நம்ம விதிகளை மாத்திட்டார். கையேட்டுல 'ஃபங்ஷன்'னு இருந்த இடத்துல எல்லாம் 'ஆள்'னு போட்டார். அவ்வளவுதான்."

"அந்த மென்பொருள் இப்பவும் இருக்கா சார்?"

"ஓ. அது ஒரு நொடியில முடிச்சிடும். நாங்க ஆளை வச்சு செய்யுறோம். ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேணும்ல?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது?

"இந்த முறை வந்ததுக்கப்புறம் எங்க மேல ஒரு புகார் கிடையாதுங்க. ஏன்னா தப்பு நடக்குற இடத்துல நாங்க இருக்குறதே இல்ல" என்று முடித்தார். சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான பெருமை இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆக நான்கு பேர் வேண்டும். சம்பந்தப்பட்டவள் என்பதால் தங்கை வரக்கூடாது. படிப்பவர் என்றால் கீழ்த்தளத்திலிருந்து பதிவைத் துண்டு துண்டாக எடுத்து வருகிறவர். அதற்கு என் மனைவியின் தம்பியைப் பிடித்தேன். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். வீட்டில் அவனுக்குப் 'புயல்' என்று பட்டப்பெயர். சாப்பாட்டில் மட்டும்தான் புயல். இடம் சொல்பவர் என் மனைவி. மருந்துக் கடையில் பில் போடுகிறவள், கணக்குத் தவறாது. மூடுபவர் நான். நகர்த்துபவருக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பக்கத்துவீட்டுக்காரரைக் கேட்டேன். அவருக்கு லீவு இல்லை.

கேட்பு அதிகாரி பெரிய மனதோடு, "பரவாயில்ல, 'இல்லை'ன்னு போட்டுக்கலாம். விதியில இடம் இருக்கு. என்ன, பின்னாடி திரும்பிப் போய்க் கேக்க முடியாது. ஒரே ஓட்டமா முன்னாடி போய்க்கிட்டே இருக்கணும்" என்றார்.

"எதுக்குங்க பின்னாடி போகணும்? முதல்லருந்து கடைசி வரைக்கும் கேட்டாப் போதும்" என்றாள் மனைவி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கடைசியாக ஒரு துணிப்பை கொடுத்தார்கள். "இதுக்குள்ள உங்களுக்கு வேணும்கிறதை வச்சுக்கலாம். உங்க ஆளைக் கூப்பிடுறப்பல்லாம் இதை அவர் கையில கொடுப்போம். உள்ள என்ன இருக்குன்னு நாங்க பார்க்க மாட்டோம். பார்க்குறது எங்க வேலை இல்ல" என்றார் அதிகாரி.

தங்கை தன் அலுவலக அடையாள அட்டையை அதில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். போட்டோ போட்டது. அவர்கள் ஒரு தடவையாவது தன் முகத்தைப் பார்க்கட்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. புயல் அதன் பக்கத்தில் ஒரு பன்னை வைத்தான்.

மறுநாள் காலையில் பதிவு திறக்கப்பட்டது.

டிகோடர் இருந்த அறையில் நீளமான மேசை, ஒரு ஸ்பீக்கர், ஒரு மணி. நான் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தேன். மூடுபவருக்குக் கடைசி வரைக்கும் வேலை கிடையாது. அதிகாரி மணி அடிப்பார். புயல் உள்ளே வருவான். அதிகாரி எழுந்து நின்று பையை இரண்டு கையாலும் அவனிடம் கொடுப்பார். புயல் பையோடு மூன்று மாடி இறங்கிப் போவான். காப்பறைக் காப்பாளர் ஜன்னல் வழியாக அடுத்த துண்டை ஒரு பென் டிரைவில் போட்டுத் தட்டில் வைப்பார். புயல் தட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, பையைத் திருப்பிக் கொடுப்பான். அந்தத் துண்டு ஸ்பீக்கரில் ஓடும். பிறகு மறுபடியும் மணி.

படிப்பவர் பேசக்கூடாது. இது முக்கியமான விதி. தட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அவர் பேச்சு.

முதல் துண்டில் ஒரு கரகரப்பு. இரண்டாவதில் தங்கையின் குரல், "ஆம்பு" என்று. அடுத்த துண்டு வரும்வரை அந்தச் சொல் அப்படியே அந்தரத்தில் நின்றது. புயல் மூச்சு வாங்க வந்து தட்டை வைத்தான். "லன்ஸ், சொல்லுங்க" என்றது ஸ்பீக்கர்.

ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் அதிகாரி மனைவியைக் கேட்பார். "எங்க இருக்கோம்?"

அவள் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்வாள்.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், நான் சொல்ற நம்பர் உங்க ஸ்க்ரீன்லயே ஓடுதே?" என்றாள்.

"ஸ்க்ரீன்ல இருக்குறது நாங்க நினைக்குறதும்மா. நீங்க சொல்றதுதான் அதிகாரபூர்வம்."

"நான் ஸ்க்ரீனைப் பார்த்துத்தான் சார் சொல்றேன்."

"ரொம்ப நல்லது. ரெண்டும் ஒத்துப்போகும்."

காப்பாளர் சில சமயம் பாதித் துண்டுதான் கொடுத்தார். அதிகாரி கேட்ட அளவு இல்லையே என்று புயல் வாசலிலேயே தயங்கி நின்றான். அதிகாரி, "வாங்க, வாங்க. குறைவா இருந்தாத் தப்பே இல்ல. கிடைச்சதைக் கொண்டாங்க, மிச்சத்தை மறுபடி கேட்டுக்குவோம். ஆனா கூப்பிட்டா வந்துடணும். வராம இருந்தாதான் தப்பு" என்றார். புயலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாழ்க்கையில் அவனிடம் யாரும் குறைவாக இருந்தால் தப்பில்லை என்று சொன்னதில்லை.

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பெரியவரின் குரல் வந்தது. "அவளுக்கு மூச்சு" என்று நின்றது. புயல் இறங்கிப் போனான், ஏறி வந்தான். "முட்டுதும்மா." பின்னால் யாரோ இருமும் சத்தம். ஒரு இருமல் பாதியில் அறுந்து, மீதி அடுத்த தட்டில் வந்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன். "மூடுபவர் இன்னும் எழுந்திரிக்கக் கூடாது" என்றார் அதிகாரி. உட்கார்ந்தேன். அவர் கையில் பை இருந்தது. உள்ளே என் தங்கை முகம். காலையிலிருந்து அதை எத்தனையோ தடவை மரியாதையாகக் கொடுத்து, மரியாதையாக வாங்கிவிட்டார். ஒரு தடவைகூட உள்ளே பார்க்கவில்லை. பன் மட்டும் எப்போதோ காணாமல் போயிருந்தது.

"ஐயா, நான் லைன்ல இருக்கேன். பயப்படாதீங்க. தெரு பேரை மட்டும் சொல்லுங்க" என்றது தங்கையின் குரல். இது ஒரே துண்டில் முழுசாக வந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு துண்டு முழுக்க மௌனம். பெரியவர் மூச்சு விடும் சத்தம் மட்டும்.

அடுத்த துண்டில் முகவரி வரவேண்டும். அதிகாரி மணி அடித்தார்.

புயல் இறங்கிப் போனான். அங்கே நடந்ததைப் பிறகுதான் சொன்னான். காப்பாளர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. மேலே மணி மறுபடியும் அடித்தது. கூப்பிட்டால் வந்துவிட வேண்டும், வராமல் இருந்தால்தான் தப்பு. குறைவாக இருந்தால் தப்பே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்தான் புயல். கிடைத்ததைக் கொண்டுபோக வேண்டும். இப்போது கிடைத்தது ஒன்றுமில்லை. அதையே கொண்டுபோனான்.

காலித் தட்டை மேசைமேல் வைத்தான்.

அதிகாரி தட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, காலையிலிருந்து இல்லாத ஒரு கம்பீரத்தோடு, "பதிவு முடிந்தது" என்றார்.

"சார், அது இல்ல சார், அவர் டீ குடிக்க..." என்று புயல் வாயைத் திறந்தான்.

"படிப்பவர் பேசக்கூடாது. தட்டு பேசிடுச்சு. ஒண்ணுமே இல்லாம வந்தா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். வேற அர்த்தம் கிடையாது."

"குறைவா இருந்தாத் தப்பில்லன்னு சொன்னீங்களே!"

"குறைவுன்னா கொஞ்சமாவது இருக்கணும்ல?"

மனைவி எழுந்துவிட்டாள். "சார், இது நடு வழி. மிச்சம் இருக்கு. இடம் சொல்றவ நான் சொல்றேன்."

"எங்க இருக்கோம்னு நீங்க சொல்லலாம்மா. எவ்வளவு மிச்சம்னு சொல்ல முடியாது. கடைசி எதுன்னு தெரியணும்னா அங்க வரைக்கும் போய்ப் பார்க்கணும். அது நகர்த்துபவர் வேலை. நகர்த்துபவர் 'இல்லை'ன்னு நீங்கதான் போட்டிருக்கீங்க."

"இப்ப ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றோம் சார்."

"திறந்ததுக்கப்புறம் ஆளை மாத்த முடியாது."

"கீழ போய்க் காப்பாளரைக் கேளுங்க சார், அடுத்த துண்டு இருக்கா இல்லையான்னு" என்றேன் நான்.

"நாங்களா?" என்றார் அதிகாரி. அந்தப் பாத்திரம் கழுவும் பார்வை மறுபடியும் வந்தது.

பிறகு அவர் அறிக்கையைப் படித்தார். ஆபரேட்டர் தெருப்பெயர் கேட்கிறார். மௌனம். அத்துடன் அழைப்பு முடிவடைகிறது. முகவரி பெறப்படவில்லை.

என் தங்கை பண்ணாத 'கட்'டை, ஒரு காலித் தட்டு என் கண் முன்னால் பண்ணிவிட்டது. புயல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். "அக்கா, நான் ஓடித்தானே வந்தேன்" என்றான். அவன் ஓடியது நிஜம். அன்றைக்கு ஒருநாள்தான் அவன் பட்டப்பெயருக்கு நியாயம் செய்தான்.

அதிகாரி பையை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். இரண்டு கையாலும் நீட்டினார்.

"மூடுபவர். மூடிடுங்க."

"மூடினா என்ன ஆகும் சார்?"

"அறிக்கை விசாரணைக் குழுவுக்குப் போயிடும். அப்புறம் நீங்க தாராளமா நாலு பேரோட வந்து மறுபடி திறக்கலாம்."

"அதுக்குள்ள அவ வேலை போயிடுமே."

"அது வேற துறை."

"மூடலேன்னா?"

அதிகாரி யோசித்தார். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலிருந்தது. "மூடலேன்னா... திறந்தே இருக்கும்."

"நீங்க மூட மாட்டீங்களா?"

"நாங்க எப்படிங்க மூடுறது? திறக்குறதும் இல்ல, மூடுறதும் இல்ல. அதுதானே எங்க சிறப்பே."

நான் பையை வாங்கவில்லை. பெஞ்சைவிட்டு எழுந்தேன். இப்போது எழுந்திருக்கலாம், தடையில்லை. மனைவியையும் புயலையும் கூட்டிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி வெளியே வந்துவிட்டேன். பின்னால் மணிச்சத்தம் கேட்டது. பிறகு, "மூடுபவர்! மூடுபவர்!" என்று கூப்பிடும் குரல். வரும் வழியில் காப்பாளர் டீ குடித்துவிட்டு எதிரே வந்தார். கையில் பென் டிரைவ். "என்ன, அடுத்தது வேணாமா?" என்று கேட்டார். அதைக் கொடுங்கள் என்று கையை நீட்டினேன். "படிப்பவர்கிட்டதான் கொடுப்பேன், அதுவும் மணி அடிச்சாத்தான்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து கேட்பகம் என்னைத் தேடுகிறது. முதலில் கடிதம். பிறகு ஆள். வாசலில் நின்று, "மூடுபவர் இருக்காரா?" என்று கேட்பான். "சோபா தைக்கிறவர் இருக்கார்" என்பாள் மனைவி. தங்கைக்கு வேலை போகவில்லை. வேலை இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அறிக்கை வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் எழுந்து தலை சீவி, வேலைக்குப் போகிறவள் மாதிரி உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்பகத்தில் ஒரு நேரத்தில் ஒரு பதிவுதான் திறந்திருக்க முடியுமாம். எங்களுடையது மூடாமல் இருப்பதால் மற்ற எல்லாருடையதும் நிற்கிறது. ஒருநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். உட்காரவில்லை. "உங்க தங்கச்சிக்குத்தான் குடும்பமா? என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார். அவர் பதிவைக் கேட்டா வெளிய விட்டுடுவாங்க" என்றாள். நான் கையில் இருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "கேட்பகத்துல சத்தம் போடுங்கம்மா" என்றேன். "அவங்க உங்க பேரைத்தான் சொல்றாங்க" என்றாள். அன்றைக்குத் தைத்த உறையில் ஒரு ஓரம்கூட நேராக வரவில்லை.

தங்கையிடம் இதைச் சொன்னேன். "மூடிடு அண்ணா" என்றாள். பிறகு அவளே, "வேணாம். இரு" என்றாள். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நேற்று மத்தியானம் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. தங்கை எடுத்தாள், பழக்கதோஷம். ஸ்பீக்கரில் போட்டாள். 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு குரல் சொன்னது. அப்புறம் இயக்குநரின் குரல்.

"மூடுபவர் இருக்காரா?"

"நான் அவர் தங்கச்சி. சொல்லுங்க ஐயா."

"அம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. வெளிய கூட்டம் கத்துது. மேலருந்து கேக்குறாங்க. நான் எந்தத் தப்பும் பண்ணலம்மா. நான் எதையுமே பண்ணலையே!"

"பதிவுல மிச்சம் இருக்கு ஐயா. காப்பாளர் சட்டைப் பையில இருக்கு. நீங்க ஒரு தடவை மணி அடிச்சு, நீங்களே இறங்கிப் போய் வாங்கிட்டு வந்து போட்டுக் கேளுங்க. எங்க அண்ணன் அன்னைக்கே வந்து மூடிடுவார்."

"நானா? இறங்கியா?"

"மூணு மாடிதான் ஐயா."

அந்தப்பக்கம் பேச்சில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு வந்து நின்றாள். தங்கை போனை மேசையில் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, நான் லைன்ல இருக்கேன்" என்றாள். அதே குரல். அவசரமில்லாத, பயப்படவேண்டாம் என்று சொல்கிற குரல். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் லைன்ல இருக்கேன்."

இயக்குநர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். "அது வந்து..." என்றார். பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள். மறுபடியும் மூச்சு.

டொக்.

தங்கை போனை மேசையில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வச்சது அவர்தான் அண்ணா. நீ கேட்டல்ல?"

"கேட்டேன்" என்றேன்.

"அண்ணி, நீங்க?"

"நானும் கேட்டேன்" என்றாள் மனைவி.